மூன்று திருகாணி வெயில்

குதிரைமேடு எஸ்டேட்டில் வைகாசி முடிந்தால் மழை வரும் என்று சொல்வது சரியில்லை; அங்கே வைகாசி முடிந்தால் வெயில் போய்விடும், போன வெயில் கார்த்திகை கழிந்து ஒருநாள் யாரும் எதிர்பாராமல் தேயிலைச் சரிவில் வந்து நிற்கும், நடுவில் உள்ள மாதங்களில் தீப்பெட்டி நமுத்து, ரேஷன் அரிசியில் பூஞ்சை படர்ந்து, கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளையின் முகம் கறை பிடித்து, துவைத்த துணியெல்லாம் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் புகை நாற்றத்தோடு காய்ந்தும் காயாமலும் தொங்கும். அப்படிப்பட்ட ஓர் ஆனி மாதத்தில், ஃபுட்பால் மைதானத்தின் ஓரம் நின்ற கரண்ட் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் இருந்தது.

அந்தப் பெட்டியை வைத்தவன் அமலோற்பவத்தின் புருஷன் சந்தியாகு. அதற்கு முன்னால் மைதானத்துக்குக் கரண்ட் வேண்டுமென்றால் மாரியம்மன் கோயிலிலிருந்து ஒயரை இழுத்து, தேயிலைச் செடிகளுக்கு மேலே குச்சி நட்டுக் கொண்டுவருவார்கள். மழை பெய்ததும் மைக்செட் இருமும், விளக்கு கண்ணைச் சிமிட்டும், ஒரு வருஷம் கார்னர் கொடியைத் தொட்ட ஆட்டக்காரன் கையை எடுக்க முடியாமல் கொடியோடு சேர்ந்து ஆடினான். கிளப்காரர்கள் கூடிப் பேசி, இனி ஒயர் இழுப்பதில்லை, மைதானத்திலேயே மழை புகாத பெட்டி ஒன்று வைத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். சந்தியாகு மண்ணுக்கடியில் குழாய் பதித்துக் கம்பி கொண்டுவந்தான், கான்கிரீட்டில் இரும்புத் தூண் நட்டான், அதன் மேல் சாம்பல் நிறப் பெட்டியைப் பொருத்தினான். மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை, மூலைக்கு ஒன்றாக நான்கு திருகாணி, பிளக் சொருகும் துளைகள் எல்லாம் பெட்டியின் அடியில் மண்ணைப் பார்த்தபடி. இந்த ஊரில் மழை மேலிருந்து பெய்யும், பக்கத்திலிருந்து பெய்யும், கீழேயிருந்தும் பெய்யும் என்று சொல்லி, ஒவ்வொரு துளைக்கும் ஸ்பிரிங் வைத்த மூடி போட்டான்.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வெளியில் வைக்கிற பெட்டியை வேலை முடிந்ததும் மூட மாட்டான். உள்ளே ஈரத்தை வைத்து மூடினால் எந்த ரப்பரும் காப்பாற்றாது, நன்றாக வெயிலை ஊட்டிவிட்டுத்தான் மூட வேண்டும் என்பான். அதனால் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்து, மத்தியானம் தொடங்கிப் பொழுது சாயும்வரை பெட்டியைத் திறந்து மேற்கே பார்க்க வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்து சின்னச் சின்ன வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அமலோற்பவம் சோறு கொண்டுபோனாள். திருகாணிகள் புல்லில் விழுந்தால் கிடைக்காது என்று அவற்றை அவள் கையில் கொடுத்து வைத்தான். லைன் வீடுகளின் பக்கமிருந்து பைப்பில் தண்ணீர் வந்துவிட்டதென்று யாரோ கத்தியதும், மூன்று திருகாணிகளைச் சோற்றுத் தூக்கின் மூடியில் வைத்துவிட்டு அவள் குடம் எடுக்க ஓடினாள். குடங்களை நிரப்பித் திரும்பி வந்தபோது பெட்டி மூடியிருந்தது, மூன்று மூலைகளில் திருகாணியும் நான்காவது மூலையில் மெழுகுவத்தியை உருக்கி அடைத்த தழும்பும் இருந்தன, சந்தியாகு விளக்குக் கம்பங்களுக்குப் பல்பு வாங்கக் கடைசி பஸ்ஸில் கீழே போயிருந்தான். நான்காவது திருகாணி அவளுடைய சுருக்குப் பையில், வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவே, எப்படிப் போனதென்று தெரியாமல் கிடந்தது.

மறுநாள் பஸ்ஸில் பல்புகள் வந்தன. வைக்கோல் சுற்றி, ஒன்றுகூட உடையாமல், கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பப்பட்டு வந்தன. சந்தியாகு வரவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஒயரிங் செய்கிறான் என்றார்கள், பாலக்காட்டில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நின்றதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்ன கண்டக்டர், அதற்கு மேல் கேட்டபோதெல்லாம் அந்த டீயை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னார். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையா என்று கேட்டவர்களிடம் அமலோற்பவம் இல்லை என்றாள். சண்டை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தனக்குள் நினைத்துக்கொண்டாள், அதைப் பிடித்துக்கொண்டாவது எதையாவது யோசிக்கலாம். கொழுந்து பறிக்கப் போனாள், எடை போட்டாள், வந்தாள். வேறு ஆட்கள் பல்புகளை மாட்டினார்கள். மழையில் மைக் கத்தியது, மஞ்சள் விளக்கு எரிந்தது, பெட்டி ஒரு தடவைகூடப் பிசகாததால் யாருக்கும் அதைத் திறக்கும் வேலை வரவில்லை, அப்படியே மூன்று மழைக்காலம் போனது.

நான்காவது மழைக்காலத்தில்தான் ஒருநாள் பயிற்சி ஆட்டத்துக்கு நடுவே விளக்குகள் அணைந்தன. கிளப் செயலாளர் நடேசன், கையில் மைக் இல்லாதபோதும் மைக்கில் பேசுவதைப் போலவே பேசுகிறவன், ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, இரண்டு பேரைக் குடை பிடிக்கச் சொல்லி, இரண்டு திருகாணிகளைக் கழற்றி மூடியை மூன்றாவதின் மேல் சாய்த்தான். வெயில் அவன் முகத்தில் விழுந்தது. மூடி கைக்குட்டை அளவு சாய்ந்ததற்குப் பாய் அளவு வெயில் புல்லின் மேல் விரிந்தது, அந்தப் பாய்க்கு உள்ளே மழை விழவில்லை, குடை பிடித்தவர்களின் குடையிலிருந்து ஆவி கிளம்பியது. நடேசன் முதலில் விழுந்து கிடந்த சுவிட்சை மேலே தூக்கிவிட்டான். அடுத்து சட்டையைக் கழற்றி மூடியின் மேல் காயப் போட்டான்.

மறுநாள் மைதானத்துக்குத் துணி வாளிகள் வந்தன. அதற்கு அடுத்த நாள் மிளகாய் வந்தது, கருவாடு வந்தது, பள்ளிக்கூட யூனிபாரம் வந்தது, மழையில் ஊறிப்போன தவில் ஒன்று வந்தது, மூன்று மாதமாக மூட்டு வலியில் படுத்திருந்த பழைய வாட்ச்மேனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேல் டிவிஷனுக்கு ஒருநாள், கீழ் டிவிஷனுக்கு ஒருநாள் என்று முறை வைத்தார்கள். கோயில் பூசாரியும் சர்ச் உபதேசியாரும் ஒரே நேரத்தில் வந்து, ஒருவரை ஒருவர் பார்த்து, பெட்டி கிளப்புடையது, கிளப்பில் எல்லாச் சாமியும் உண்டு என்று பேசிக்கொண்டு, தத்தம் குடைகளைக் காயவைத்து எடுத்துப் போனார்கள். ஃபாக்டரியில் கொழுந்து வாடாமல் தேங்குகிறது, பெட்டியைக் கழற்றி வாட்டும் மாடியில் மாட்டினால் சௌகரியம் என்று மேனேஜர் ஆள் அனுப்பினார். யூனியன் தலைவர் தங்கராசு பெட்டிக்கு முன்னால் கால் அகட்டி நின்று, இது என்ன கிழமை வெயில் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றார்கள். லீவு நாள் வெயில் கம்பெனிக்குச் சேராது என்று அவர் சொன்னதும் வந்தவர்கள் யோசித்துப் பார்த்து, அது சரிதான் என்று திரும்பிவிட்டார்கள்.

அமலோற்பவம் அங்கே போகவில்லை. அவள் வீட்டுத் துணி புகையிலேயே காய்ந்தது. ஊர் முழுக்க மைதானத்தில் கிடக்க, அவள் மட்டும் வாசலில் நின்று, மழைக்கு நடுவே தூரத்தில் ஒரு மஞ்சள் துண்டு தெரிவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். கீழ் வீட்டு வினோதாவுக்குப் பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை, வெயிலில் காட்டு என்று டிஸ்பென்சரி நர்ஸ் சொல்லி, அவள் தினமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்கு மிக அருகில், தூணில் சாய்ந்து உட்காருவாள். ஒருநாள் அங்கிருந்து நேராக அமலோற்பவத்தின் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, பெட்டிக்குள்ள அண்ணன் இருமுறார்."

அமலோற்பவம் முறத்தைக் கீழே வைத்தாள். பீடி இருமலா, சளி இருமலா என்று கேட்டாள். வினோதா யோசித்து, பீடி இருமல்தான் என்றாள்.

அன்றைக்குப் போனாள். ஊரார் துணியை ஒதுக்கி இடம் விட்டார்கள். பெட்டியின் ஓரத்தில் காதை வைத்தபோது, குறடு கம்பியைக் கடிக்கும் சத்தம் கேட்டது, எந்தப் பாட்டுக்கும் சேராத அவனுடைய விசில் கேட்டது, அதற்கு நடுவே ஒரு பெண் குரல், சோறு ஆறுது, கையைக் கழுவிட்டு வாங்க என்றது. யாருடைய குரல் இவ்வளவு அலட்சியமாக இருக்கிறது என்று நினைத்த பிறகுதான் அது தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து அவள் தினமும் வந்தாள். எடை போட்டு முடிந்ததும் மழைக்கு இடுப்பில் சுற்றிய படங்கைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்து, வினோதாவுக்கு மறுபக்கம் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, அந்த மத்தியானத்தைக் கேட்டாள். அவன் சாப்பிட்டான். ஊறுகாய் இல்லையா என்றான். ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள், எதற்குச் சிரித்தோம் என்று இப்போது நினைவில்லை. மற்றவர்கள் கவனிக்காத ஒன்றை அவள் கவனித்தாள்: முதல் நாட்களில் கோல் போஸ்ட்டின் காலடியிலேயே கிடந்ததாக வினோதா சொன்ன நிழல், இப்போது கோல் ஏரியாக் கோட்டைத் தாண்டியிருந்தது. மூடியைத் திறந்திருக்கும் நேரமெல்லாம் அந்த மத்தியானம் செலவாகிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பத்துத் துணி காய்ந்தால் ஒரு விரல் நிழல் நீண்டது, கருவாட்டுக்கு இரண்டு விரல். சேர்த்து வைத்த வெயில்தான் இருந்தது, ஊற்று இல்லை.

ஒருநாள் அவள் காதுக்குள், பைப்பில தண்ணி வந்திருச்சு என்று யாரோ தூரத்தில் கத்தினார்கள். அவள் எழுந்து, சாய்ந்திருந்த மூடியைத் தன் கையாலேயே நிமிர்த்திச் சேர்த்தாள். மழை எல்லார் துணி மேலும் விழுந்தது. துணியை அள்ளியபடி எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

இதோடு போதும் என்றாள். இதுவரைக்கும் எனக்குத் தெரியும், இதுக்கு மேல எனக்குத் தெரியாது என்றாள்.

அவள் என்ன சொல்கிறாள் என்று ஊருக்குப் புரிந்தது. அவள் குடம் எடுக்க ஓடிய பிறகு அந்த மைதானத்தில் நடந்தது என்னவோ அது இன்னும் பெட்டிக்குள் இருந்தது. அதைக் கேட்டுவிட்டால் தெரிந்துவிடும், தெரிந்த பிறகு ஒன்றும் மிச்சம் இருக்காது. குழந்தையின் கண் வெள்ளையும் தெளிந்திருந்தது. நடேசன் திருகாணிகளை முடுக்கினான். வாளிகள் வீடு திரும்பின, ஊர் மறுபடி புகை நாற்றத்துக்குப் பழகியது, அமலோற்பவம் கொழுந்து பறிக்கையில் சில சமயம் கையை நிறுத்திவிட்டு மைதானத்துப் பக்கம் பார்ப்பாள். இப்போது அவன் அங்கே இருக்கிறான், எங்கேயும் போகவில்லை, தண்ணீர் பிடிக்க ஓடுகிற பெண்டாட்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டு திருப்புளியோடு உட்கார்ந்திருக்கிறான். மூடியைத் திறக்காதவரை அவன் பஸ் ஏற வேண்டியதில்லை.

ஆகஸ்ட் பதினைந்துக்கு மூன்று நாள் முன்னால் மேல் டிவிஷன் சரிவில் ஒரு சில்வர் ஓக் மரம் கரண்ட் கம்பியின் மேல் விழுந்தது. பதினைந்தாம் தேதிதான் இரண்டு டிவிஷனுக்கும் ஃபைனல். அந்த ஆட்டத்தை வேறு நாளுக்குத் தள்ளுகிற வழக்கம் கிடையாது. அன்றைக்கே ஆடி அன்றைக்கே முடிவு தெரியவில்லை என்றால் கோப்பை ஒரு வருஷத்துக்கு எஸ்டேட் ஆபீசுக்குப் போய்விடும். ஒருமுறை அப்படிப் போனபோது அப்போதிருந்த துரை அதில் ஈரக் குடையை நட்டு வைத்திருந்ததை காலையில் பேர் கொடுக்க மஸ்டருக்கு நின்ற எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அதிலிருந்து, எதிர் டிவிஷனிடம் தோற்றாலும் தோற்கலாம், கோப்பை ஆபீஸ் படியேறக் கூடாது என்பதில் இரண்டு டிவிஷனும் ஒன்று. இந்த வருஷம் மத்தியானத்திலேயே மூடுபனி இறங்கி, ஒரு கோலில் நின்றால் அடுத்த கோல் தெரியவில்லை. மஞ்சள் விளக்கு எரிந்தால் ஆடிவிடலாம். கம்பி சரியாக இன்னும் நாளாகும் என்று சொல்லிவிட்டார்கள்.

நடேசன் அமலோற்பவத்தின் வீட்டுக்கு வந்தான். ஜெர்சி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. டீ வாங்கிக் குடித்தான். மழையைப் பற்றிப் பேசினான், கீழ் டிவிஷன் கோல்கீப்பருக்குக் கால் சுளுக்கு என்றான், அவள் வீட்டுத் தகரம் ஒழுகுவதைப் பார்த்து மாற்றித் தருவதாகச் சொன்னான். அவன் குரல் இவ்வளவு தாழ்ந்து அவள் கேட்டதில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, வந்ததைச் சொல்லாமலே எழுந்து போனான்.

அவன் போன பிறகு அவள் வெகுநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சல் போட்டுக் கேட்டிருந்தால் மறுத்திருப்பாள். சந்தியாகுவின் மஞ்சள் பிடி போட்ட திருப்புளி பரணில் இருந்தது. அதை எடுத்துத் துடைத்தபோதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது, இத்தனை நாளும் அவனை அங்கே உட்கார வைத்திருப்பதாக நினைத்தோமே, ஒரு மனுஷன் எத்தனை நாள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

மைதானத்தில் இரண்டு டீமும் பனிக்குள் நின்றிருந்தன. அவளைக் கண்டதும் வழி விட்டார்கள். அவள் மூன்று திருகாணிகளையும் கழற்றி, மூடியை முழுசாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வெயில் புல் முழுவதும் ஓடி, எதிர் கோலைத் தாண்டி, தேயிலைச் சரிவின் முதல் வரிசைவரை போய் நின்றது. பனி சுருட்டிக்கொண்டு பின்வாங்கியது. குடைகளை மடக்கியவர்கள் கண் கூசி மறுபடி விரித்தார்கள். சேற்றில் ஆடியவர்களின் நிழல்கள் அவர்களைவிட உயரமாக, காய்ந்த சித்திரைப் புல்லில் ஓடுகிறவற்றைப் போல லேசாக ஓடின. நடேசன் உள்ளங்கையைக் குவித்து மைக் இல்லாமலே வர்ணனை சொன்னான். அமலோற்பவம் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதைப் பெட்டியில் வைத்தாள்.

பைப்பில தண்ணி வந்திருச்சு என்று கத்தினார்கள். அவளுடைய செருப்புச் சத்தம் ஓடிப் போய்க் குறைந்து இல்லாமலானது. அதற்கப்புறம் அவள் ஒருநாளும் கேட்டிராதது தொடங்கியது, அது வெகுநேரம் ஒன்றுமில்லாமல் இருந்தது. அவன் பீடி பற்றவைத்தான். ரப்பர் பட்டையை வெட்டினான். விசிலடித்தான், நடுவில் நிறுத்தினான், அந்த நிறுத்தத்தில் அவள் மூச்சை அடக்கி, இப்போதா, இந்த இடத்திலா என்று காத்திருந்தாள், அவன் மூக்கை உறிஞ்சிவிட்டு விசிலைத் தொடர்ந்தான். பின்னால் ஒரு டிவிஷன் கோல் போட்டது, மறு டிவிஷனும் ஒன்று போட்டது. ஊர் குதித்தது, தூண் அதிர்ந்தது. மறுபாதி தொடங்கியது, நிழல்கள் நடுக்கோட்டைத் தாண்டின, வெயில் டீயின் நிறத்துக்கு வந்தது. எங்கேயோ போய்விட முடிவு செய்த ஒரு ஆள் எப்படி மூச்சு விடுவான் என்று அவள் தேடித் தேடிக் கேட்டாள். பெட்டிக்குள் வேலை செய்கிற ஒரு ஆள் இருந்தான், அவ்வளவுதான். முதல் திருகாணியை முடுக்கும் சத்தம் வந்தது. இரண்டாவது. மூன்றாவது.

"அமலம், அந்த ஸ்க்ரூவ எங்க வச்ச?"

அவள் கை தானாகச் சுருக்குப் பைக்குப் போனது. திருகாணியை எடுத்தாள். மூன்று வருஷத்துக்கு மேல் வெற்றிலைச் சாறு ஏறி அது கறுத்திருந்தது. கையைப் பெட்டிக்குள் நீட்டினாள். உள்ளே சித்திரை மாதத்துக் காற்று உலர்ந்து கதகதவென்றிருந்தது, இன்னும் கொஞ்சம் நீட்டினால் அந்தப் பக்கம் இருப்பவன் வாங்கிக்கொள்வான் என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"அமலம்."

கேட்டது கிடைத்தால் எழுந்து போய்விடுவான். அவள் விரல்களை மூடினாள். கையை வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே அவன் புல்லைத் துழாவினான், சோற்றுத் தூக்கைத் தட்டிப் பார்த்தான், தூரத்தில் பஸ் ஹார்ன் அடித்தது. மெழுகு உருகும் வாசனை வந்தது. பிறகு அவன் சொன்னான், அடுத்த அறையில் இருக்கிற பெண்டாட்டியிடம் சொல்வதைப் போல, சாதாரணமாக:

"சரி, ஒன்கிட்டயே இருக்கட்டும். வந்து வாங்கிக்கிறேன்."

மூடி பொருந்துகிற சத்தம் கேட்டது, மைதானத்தில் வெயில் இல்லை. மழை இருந்த இடத்திலிருந்தே தொடர்ந்தது. அந்தக் கடைசி வெளிச்சத்தில் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று இரண்டு டிவிஷனும் சண்டை போட்டு, பனிக்குள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொள்ள, தாண்டியது என்று கீழ் டிவிஷன் கோல்கீப்பரே கடைசியில் ஒப்புக்கொண்டான், தாண்டவில்லை என்றால் ஆட்டம் சமமாகி, கோப்பை ஆபீசுக்குக் குடை வைக்கப் போய்விடும். மேல் டிவிஷன்காரர்கள் கோப்பையில் மழைத் தண்ணீரைப் பிடித்து முதலில் அமலோற்பவத்துக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்.

மறுநாள் நடேசன் வந்து, நாலாவது ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்குகிறது, உங்ககிட்ட ஒரு ஸ்க்ரூ இருக்காமே அக்கா என்று கேட்டான். அது அவரோடது, அவர் வந்து போடுவார் என்றாள். வேறு திருகாணி வாங்கிப் போடவா என்றதற்கு வேண்டாம் என்று சொல்லி, மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு அவளே போய் அடைத்தாள்.

கார்த்திகை கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தது. அமலோற்பவம் மத்தியானத்திலேயே மைதானத்துக்குப் போய், பெட்டியைத் திறந்து, மூடியைத் தூணில் சாய்த்து வைத்து, உள்ளே வெயில் நன்றாக விழும்படி பக்கத்தில் தள்ளி உட்கார்ந்து தேங்காய்ச் சில்லு தின்றாள், தலையைக் காயவைத்தாள், வினோதாவின் குழந்தை குப்புறக் கவிழ்ந்து, நீந்துவதைப் போல நகர்ந்து வந்து தூணைத் தொடுவதைப் பார்த்தாள். தண்ணீர் வந்துவிட்டதென்று கத்தினார்கள். அவள் எழுந்து போகவில்லை. ஈரமெல்லாம் காய்ந்து, வெயில் டீ நிறத்துக்கு வந்த பிறகு, பெட்டிக்குள் முகத்தைக் கொண்டுபோய்ச் சொன்னாள்:

"எங்கிட்டதான் இருக்கு."

பிறகு மூடியைப் பொருத்தி, மூன்று திருகாணிகளை முடுக்கினாள்.